இடது பக்கத்துக் கிரீடம்

"இடது பக்கம், இடது பக்கம், இடது பக்கம்! எழுதி நெத்தியில ஒட்டிக்கட்டுமா?"

ஜெராக்ஸ் கடைக்காரர் போட்ட சத்தத்தில், நகலெடுக்க வந்திருந்த ஒரு பெண் தன் தாள்களை வாரிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து இதே கேள்வியைப் போலீஸ் கேட்டுவிட்டது, தெருக்காரர்கள் கேட்டுவிட்டார்கள், சனிக்கிழமை காலையில் நாங்களும் போய் நிற்கிறோம். கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு தாள் நகலெடுக்கவில்லை.

"ஒட்டிக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்க, போயிடறோம்" என்றார் பாஸ்.

"மழை கொட்டுது. கூரியர்காரர் சைக்கிள்ல ரோட்டோட இடது ஓரமாப் போறார். பின்னால வந்த வெள்ளைக் கார் அவரை உரசிடுச்சு. சைடு கண்ணாடி தோள்ல இடிச்சு, மனுஷன் சைக்கிளோட உருண்டார். கார் கொஞ்ச தூரத்துல நின்னுச்சு. அடிபட்டவரையும் காரையும் நான் ஒரே பார்வைல பார்த்தேன். அவர் கிடந்த அதே பக்கம், லைட்டுக்குக் கீழ, தங்கக் கலர்ல கிரீடம். மழையில நம்பர் தெரியல, அது மட்டும் பளபளன்னு தெரிஞ்சுது. நின்னவன் இறங்கி வருவான்னு பார்த்தேன். போயிட்டான்."

"இறங்கினா மழையில நனைஞ்சிடுவாரே, பாவம்" என்றேன் நான்.

கடைக்காரர் என்னை முறைத்தார். பாஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அது பழகிப்போன ஒன்று.

பாஸ் என்றதும் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஆளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஐம்பது வயதுப் பெண்மணி. ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், இடிபட்ட கார்களைப் பார்த்து இழப்பீடு தரலாமா கூடாதா என்று சொல்கிற வேலையில் இருந்தார். பொய் சொல்கிறவர்களைத் தினம் பார்த்து அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, பொய் சொல்கிறவர்களைத் தேடிப் போகிற வேலையை ஆரம்பித்தார். நான் அவருடைய உதவியாளன். என்னை 'வாயாடி' என்று கூப்பிடுவார். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் ஊமையாகிவிட வேண்டும்.

இந்த வழக்கில் எங்களைத் தேடி வந்தவர் ஒரு டிரைவரின் மனைவி. கிரீடம் பதித்த வெள்ளைக் கார் அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான். அது தெருக்கோடி அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு டாக்டருடையது. விபத்து நடந்த நேரத்தில் அந்தக் காரைப் பெட்ரோல் போட எடுத்துப் போயிருந்தவர் டாக்டரின் டிரைவர். போலீசுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அன்றைக்கே டிரைவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். டாக்டர் காரைச் சுற்றி வந்து ஒரு கீறல்கூட இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். டிரைவரைப் பற்றி அவர் எதையும் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை, கையைக் கழுவிவிட்டார்.

"அவர் ஹாரன் அடிக்கவே யோசிப்பாரும்மா. டாக்டர் பின்னாலேர்ந்து திட்டினாத்தான் அடிப்பார்" என்று அந்தப் பெண் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதார். "திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். லைசென்ஸைப் பிடுங்கிட்டா அவருக்கு வேற எந்த வேலையும் தெரியாது. செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போயிட்டா, நானும் அவரும் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்கறது?"

கூரியர்காரர் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. பின்னால் வந்த கார் எது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆக, மிச்சமிருந்தது ஜெராக்ஸ் கடைக்காரரின் இடது பக்கம் மட்டும்தான்.

அங்கிருந்து நேராக அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனோம். கார்கள் வரிசையாக நின்றிருந்தன. டாக்டரின் காருக்குப் பின்னால் போய் நின்ற பாஸ், துணிப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டார்.

"என்ன தெரியுது, வாயாடி?"

"கிரீடம் தெரியுது பாஸ். கும்பிடணுமா?"

"எந்தப் பக்கம்?"

பார்த்தேன். வலது பக்க விளக்குக்குக் கீழே இருந்தது.

"கம்பெனில இந்தக் கிரீடத்தை வலது பக்கம்தான் வைப்பாங்க" என்றார் பாஸ். "இந்த மாடல்ல ரெண்டு ரகம். என்ஜின் ஒண்ணு, டயர் ஒண்ணு, ஓட்டமும் ஒண்ணு. தோல் சீட்டும் கிரீடமும் வேணும்னா விலை எங்கேயோ போயிடும். எத்தனை வண்டி பார்த்திருப்பேன்! ஒண்ணுலகூட இது இடம் மாறினதில்ல."

அங்கே நின்றபடியே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் அவர் சொன்னது எனக்கே கேட்டது. "இடதோ வலதோ, கிரீடம் கிரீடம்தானே மேடம்? பயத்துல கடைக்காரர் மாத்திச் சொல்லியிருப்பார்." பாஸ் போனை வைத்துவிட்டு, 'இவரெல்லாம் சட்டைப் பொத்தானை எந்தப் பக்கம் போடுகிறார்' என்று முணுமுணுத்தார்.

"அப்ப இது வேற கிரீடமா பாஸ்?"

"வேற. கம்பெனில வெச்சது இல்ல. கடைல குடுத்து ஒட்டியிருந்தாலும் சரியான பக்கம்தான் ஒட்டியிருப்பான். இது யாரோ வீட்லயே ஒட்டினது."

"வேலை மெனக்கெட்டு யாரு வீட்ல கிரீடம் ஒட்டுவாங்க?"

"அது இல்லாதவன்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். கீழ்த்தளத்தின் மறுகோடியில், தூணுக்குப் பின்னால், அதே மாடலில் இன்னொரு வெள்ளைக் கார் இருந்தது. கிரீடம் இல்லாத ரகம். பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு தாள், கீழே ஒரு போன் நம்பர். தாள் புத்தம் புதிதாக இருந்தது.

பாஸ் அதன் பின்புறம் குனிந்தார். பின்கதவு முழுக்க மெல்லிய தூசி படிந்து மங்கலாக இருந்தது. இடது பக்க விளக்குக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், அரக்கித் தேய்த்த பளபளப்பு. வீட்டில் எல்லா ஜன்னலையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் துடைத்து வைக்கிற ஆளும் உண்டா?

காவலாளியிடம் விசாரித்தேன். "மேனேஜர் சார் வண்டி. உறை போட்டு மூடியே வெச்சிருப்பார், விக்கணும்னு நேத்துதான் கழட்டினார். வாரத்துல ஒரு நாள் எடுப்பார், ரெண்டு நாள் துடைப்பார்" என்றார். மேனேஜர் என்றால் இப்போது அல்ல, ரிட்டயர் ஆகிவிட்டார். பதவி போனதே தவிர, பட்டத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் கார் வாங்குகிறவர்கள் ஆகிவிட்டோம். பாஸ் அக்கா, நான் தம்பி. கூடவே, வேண்டாவெறுப்பாக ஒருவர். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கசங்கிய சட்டையும் நன்றாகப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவுமாக வந்தார். "இவர் மெக்கானிக். வண்டியைப் பார்க்கக் கூட்டிட்டு வந்தோம்" என்று பாஸ் அறிமுகப்படுத்தினார்.

"மெக்கானிக் எதுக்கு? என் வண்டியில பார்க்க ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர். உருண்டைத் தலையில் மருந்துக்கும் முடியில்லை. பேசும்போது வரிசைப் பற்கள் மேலும் கீழும் லேசாக நகர்ந்தன; பல் செட். "வண்டிப் பேப்பர் மேல இருக்கு. வாங்க, வீட்ல உட்கார்ந்து பேசலாம். நீ இங்கேயே இருப்பா" என்று மெக்கானிக்கைக் கையால் தள்ளாத குறையாக ஒதுக்கினார். மெக்கானிக் காருக்கடியில் குனிந்தார்.

மேனேஜரின் வீட்டுக் கூடத்தில் எல்லாமே எதையோ போலச் செய்யப்பட்டிருந்தது. பளிங்கு போன்ற மேஜை பிளாஸ்டிக், தோல் போன்ற சோபா ரெக்ஸின், அலமாரியில் இருந்த தடித்த புத்தகங்களுக்கு உள்ளே தாளே இல்லை, வெறும் அட்டைப் பெட்டிகள். நான் ஒன்றை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகினேன். சோபா ஓரத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"போன வருஷம்தான் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு" என்று மேனேஜர் தானாகவே ஆரம்பித்தார். "சம்பந்தி பெரிய இடம். அவங்க வீட்டு வாசல்ல நிக்கற வண்டியெல்லாம் வேற லெவல். பேசிக்கலி, நாமளும் அதுக்குத் தக்க இருக்கணும் இல்லையா?"

"இப்ப ஏன் விக்கறீங்க?" என்றார் பாஸ்.

"பெரிய வண்டி வாங்கலாம்னு."

நான் கை கழுவ வேண்டும் என்று எழுந்து குளியலறைக்குள் போனேன். அங்கே கண்ட காட்சியில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியே வந்து, மேனேஜர் பேப்பர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, பாஸின் காதில் கிசுகிசுத்தேன்.

"பாஸ், கண்டுபிடிச்சிட்டேன். கண்ணாடி அலமாரியில ஹேர் ட்ரையர் இருக்கு. ஒட்டினதை உரிக்கச் சூடு காட்டணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? மொட்டைத் தலைக்கு எதுக்கு ட்ரையர்?"

பாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் சம்சாரத்துக்கு இடுப்பு வரைக்கும் முடி. உன் கண்ணு முன்னாலதான் உட்கார்ந்திருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். இருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"வேற என்ன பார்த்தே?"

"பல் இடுக்கைச் சுத்தம் பண்ற நூல். பெரிய சுருள், பாதிக்கு மேல காலி. அவ்வளவுதான்."

"அதைச் சொல்லு முதல்ல" என்ற பாஸ், மேனேஜரின் மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "உங்க பல்லு எவ்வளவு அழகா இருக்கு! தினமும் நூல் போட்டுச் சுத்தம் பண்ணுவீங்களோ?"

"நூலா? அதெல்லாம் எனக்குப் பழக்கமில்லைங்க. அது இவர் வாங்கிட்டு வந்தது."

"அவருக்குத்தான் பல் செட்டாச்சே?"

அந்த அம்மா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பல் செட்டைக் கழற்றிக் குழாயில் அலசுகிறவருக்குப் பல் இடுக்கு நூல் எதற்கு? அந்தக் கேள்வி அவர் மனதிலும் முன்பே வந்திருக்க வேண்டும். மேனேஜர் பேப்பர்களோடு வந்துவிட்டார், எல்லோரும் கீழே இறங்கினோம். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவும் பின்னால் வந்தார்.

கார் பக்கத்தில் மெக்கானிக் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். பாஸ் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இடது பக்க விளக்குக்குக் கீழே விரலை வைத்தார்.

"இங்க ஏதோ ஒட்டியிருந்த மாதிரி இருக்கே?"

மேனேஜரின் பல் செட் ஒரு முறை நகர்ந்தது. "ஆமா, சும்மா அழகுக்கு ஒரு கிரீடம். ஆன்லைன்ல வாங்கி ஒட்டினேன். அது போன வாரமே விழுந்துடுச்சு. புதன்கிழமைக்கு முன்னாடியே."

விபத்து வியாழக்கிழமை. நாங்கள் கிழமையைக் கேட்கவே இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் பிடித்து உள்ளே வைக்க முடியாது. விழுந்துவிட்டது என்று சொல்பவரிடம், விழவில்லை என்று எப்படி நிரூபிப்பது? நான் கையைப் பிசைந்தேன்.

பாஸ் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் எதிரில் இருப்பவருக்கு அன்று நல்ல நாள் இல்லை.

"பார்த்தியா தம்பி, இந்த வீட்டு வேலை எல்லாம் இப்படித்தான். தூசியைக்கூடத் துடைக்காம, எச்சிலைத் தொட்டு ஒட்டியிருப்பார். ஒட்டின மறுநாளே விழாம என்ன செய்யும்?"

"எச்சிலா?" என்றார் மேனேஜர்.

"சின்னப் பசங்க நோட்டுல ஸ்டிக்கர் ஒட்டற மாதிரி" என்று நானும் ஒத்து ஊதினேன். "நல்லவேளை விழுந்துச்சு அக்கா. கோணலா வேற இருந்திருக்கும்."

"கோணலா?"

"அதுக்கெல்லாம் கை வேணும் தம்பி. இந்த ஒரு கிரீடத்தை ஒழுங்கா ஒட்டத் தெரியாதவர் இந்த வண்டியை எப்படிப் பராமரிச்சிருப்பார்? எனக்கு நம்பிக்கை இல்ல. வா, போகலாம்."

"இருங்கம்மா!" மேனேஜர் குறுக்கே வந்து நின்றார். மொட்டைத் தலை முழுவதும் சிவந்துவிட்டது. "ஒட்டத் தெரியாதவனா? நானா? முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். பெயிண்டர்ங்க ஒட்டற டேப்பைக் கோடு மாதிரி ஒட்டி, ஸ்கேல் வெச்சு அளந்தேன். ட்ரையர் வெச்சு இடத்தைச் சூடாக்கி, ஒட்டி, அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். அன்னிக்குப் பூரா வண்டியை அசைக்கவே இல்ல. அது விழுமா?"

"அதான் விழுந்துடுச்சே. லேசாத் தண்ணி பட்டா அவ்வளவுதான்."

"தண்ணியா? அவ்வளவு மழை பெய்ஞ்சுதே, முழுக்க நனைஞ்சுது! இம்மி அசையல! உரிக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பல்லுக்குப் போடற நூலை உள்ள விட்டு, ரம்பம் மாதிரி இழுத்து இழுத்து, இங்க பாருங்க, விரலெல்லாம் அறுத்துடுச்சு!"

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பதக்கம் காட்டுவது போல நீட்டினார். அப்படி நீட்டியபடியே நின்றார். சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த மாதத்திலேயே மழை பெய்தது வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான். ஒருவனுடைய நேர்மையைச் சந்தேகித்தால் பொறுத்துக்கொள்வான், அவன் ஒட்டிய ஸ்டிக்கரைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டான்! இப்படியும் ஒரு பிறவி.

"பிரமாதமாத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றார் பாஸ். "ஆனா தப்பான பக்கம்."

"என்ன தப்பு? சரியாப் பார்த்துத்தான் ஒட்டினேன்!" பயத்தையும் மறந்து மேனேஜர் போனை எடுத்துத் தேடினார். திரையில் அவருடைய பெரிய முகம், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கம், தங்கக் கிரீடம். டாக்டரின் காருக்குப் பின்னால் நின்று தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். தன் கார் என்று சம்பந்திக்கு அனுப்பியிருக்கிறார். "பாருங்க, இடது பக்கம்தானே இருக்கு?"

"நம்மளை நாமே எடுக்கற கேமரா. உங்க போன்ல அது கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டுது. கிரீடத்தை எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கறதால உங்களுக்குத் தெரியல. மத்த எழுத்தையெல்லாம் உங்க தலை மறைச்சிடுச்சு. இப்ப டாக்டர் வண்டி அங்கதான் நிக்குது, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். வலது பக்கம் இருந்த கிரீடத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது. ஒரு மனிதரின் எலும்பை முறித்ததற்காக அல்ல, இன்னொருவர் லாக்கப்பில் கிடக்கிறார் என்பதற்காகவும் அல்ல.

"சம்பந்தி வீட்ல எல்லாரும் பார்த்தாங்களே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பாஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பும்போதுதானே கூரியர்காரரை இடிச்சீங்க?"

"நான் இல்ல!" மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை மனைவிமேல் போய் நின்றது. "இவதான். இவதான் ஓட்டினா. நான் சொல்லச் சொல்லக் கேக்காம வேகமா ஓட்டினா."

அந்த அம்மா கையிலிருந்த மாற்றுச் சாவியைப் பார்த்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார். "கத்துக்கறேன்னு ரெண்டு மூணு தடவை கேட்டேன். நீ தொட்டா வண்டி வீணாப் போயிடும்னு சொன்னார். இந்தச் சாவியையே இன்னிக்குத்தான் என் கையில குடுத்தார்."

"நீ வாயை மூடு!"

"மூடித்தானே இருந்தேன், மூணு நாளா. இறங்கிப் பாருங்கன்னு கெஞ்சினேன். கேஸாச்சுன்னா பேப்பர்ல இது எந்த ரக வண்டின்னு எழுதிடுவாங்க, சம்பந்திக்குத் தெரிஞ்சு போயிடும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் ட்ரையரைத்தான் தேடினார்." அவர் பாஸ் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் எப்படி இருக்கார்?"

"தோள் எலும்பு முறிஞ்சிருக்கு. பிழைச்சுக்கிட்டார்."

அந்த அம்மா தூணில் சாய்ந்துகொண்டு அழுதார். பாஸ் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. "நீங்க முதல் நாளே பேசியிருந்தா ஒரு டிரைவர் மூணு நாள் உள்ளே கிடந்திருக்க மாட்டார்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனாலும் அடிபட்டவரைப் பற்றி அந்த வீட்டில் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர்மேல் என்னால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

மேனேஜர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "இதெல்லாம் வாய்ப் பேச்சு. நீங்க சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க ரெண்டு பேரு, அப்புறம் இந்த மெக்கானிக். போலீஸ்ல இவன் பேச்சு எடுபடுமா?"

மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல என் பேச்சு ஓரளவு எடுபடும்" என்றார் இன்ஸ்பெக்டர். "போனைக் குடுங்க. அந்தக் கிரீடம் எங்கே?"

அவரை மெக்கானிக் என்று சொன்னது பாஸ். நான் அந்தப் பொய்யை வெறுமனே வழிமொழிந்தேன். அரைமணி நேரம் வந்து சும்மா நின்றால் போதும், சொன்னது பொய்யானால் அப்புறம் உங்கள் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று முந்தின நாள் இரவு பாஸ் போனில் அவரை அரித்து எடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அந்தப் பேரத்துக்காகவே வந்தார் என்று நினைக்கிறேன்.

கிரீடம் காருக்குள்ளேயே இருந்தது. உதிரி டயருக்கு அடியில், பட்டுத் துணியில் சுற்றி. தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை.

"இடதோ வலதோ, கிரீடம் கிரீடம்தானே இன்ஸ்பெக்டர்?" என்றேன்.

"உங்க உதவியாளரைக் கொஞ்சம் அடக்கி வைங்க மேடம்" என்றார் அவர் பாஸிடம். காது மடல் சிவந்திருந்தது.

அன்று மத்தியானமே டிரைவரை விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவர் மனைவி காத்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், மூன்று நாள் தாடி. வெளியே வந்து மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார், தப்பு செய்தவர் போல. அந்தப் பெண் அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

அப்போது டாக்டரின் கார் வந்து நின்றது. அவரே ஓட்டி வந்திருந்தார், நடைபாதை மேல் ஒரு சக்கரம் ஏறியிருந்தது.

"என்னப்பா, எல்லாம் சரியாயிடுச்சுல்ல?" என்று இறங்கினார். "நீ பண்ணியிருக்க மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவேன்னா எப்ப டாக்டர்?" என்றார் பாஸ்.

அவர் காதில் அது விழவில்லை. சாவியை டிரைவரிடம் நீட்டினார். "கிளப்ல சாப்பாட்டுக்கு எல்லாரும் வெயிட் பண்றாங்க. வண்டியை எடு. உன் சம்சாரம் பஸ்ல போகட்டும்."

டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கும் பொசுக்கென்று ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இவர் இந்த மனுஷனுக்குக் கார் ஓட்டப் போகிறாரா? பாஸைப் பார்த்தேன். பாஸ் டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் எப்போதும் போலப் பின்கதவைத் திறந்து பிடித்தார். டாக்டர் எப்போதும் போல ஏறி உட்கார்ந்து, போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். டிரைவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். முன்ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியை ஓட்டுநர் இருக்கையில் வைத்தார். அப்புறம் மனைவியிடம் வந்தார்.

"வா, பஸ் வந்துடும்" என்றார்.

இரண்டு பேரும் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போனார்கள். நான் காரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தேன், பாஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ம், கிளம்பு" என்றார் டாக்டர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

பஸ் வந்தது. டிரைவர் மனைவியை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

"கிளம்புப்பா, நேரமாச்சு" என்று பின் சீட்டிலிருந்து மறுபடியும் குரல் வந்தது.